காத்து பாத்தாச்சு

நல்லவாடு
7.9.2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசாமல் இவள் ஏன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில், "கழுத்துல ஓட்டை போட்டா அப்பா பொழைப்பாருன்னா போட்டுட வேண்டியதுதானே, இதுல என்னக்கா யோசனை" என்று கத்தினாயே, அப்போது போன் அப்பாவின் தலையணை ஓரத்தில் இருந்தது. கை போச்சு, கால் போச்சு, பேச்சும் போச்சு. காது மட்டும் இருபது வயசுக்காரன் காது. நீ சொன்னது அத்தனையும் அவர் கேட்டார். நான் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியதை, நெட் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். இந்த வீட்டில் அப்பா காதில் விழாமல் பேச ஓர் இடம் கிடையாது. தெருவில் நின்று பேசினால் ஊர் காதில் விழும். மேலத்தெருப் பையன் வியாழக்கிழமை தோகா புறப்படுகிறான். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். டியூட்டி முடிந்து, சாப்பிட்டுவிட்டு, ரூமில் உட்கார்ந்து நிதானமாகப் படி.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று மாதம் முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உனக்கு நான் எல்லாவற்றையும் சொல்லவில்லை. தூர தேசத்தில் இருக்கிற பிள்ளை மனசு கெட்டுப்போகும் என்று அம்மா தடுத்தாள். அது தப்பு. இப்போது ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன்.

2023 ஆடியில் அப்பா வலை பொத்திக்கொண்டிருந்தபோது ஊசி கையிலிருந்து நழுவியது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்கவில்லை. குளிர் காற்று என்றார். பிறகு செருப்பு காலைவிட்டுக் கழன்றது, அவருக்கே தெரியாமல். பிறகு நாக்கு தடித்தது. குடித்திருக்கிறார் என்று நினைத்தவர்கள்கூட உண்டு. ஜிப்மரில் நரம்பு டெஸ்ட், தசையில் ஊசி வைத்துப் பார்க்கிற டெஸ்ட் எல்லாம் எடுத்தபோது டாக்டர் திரும்பத் திரும்ப, "காது நல்லா கேக்குதா, சின்ன வயசுல ஏதாவது பலவீனம் இருந்துச்சா" என்று கேட்டார். ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. இந்த மோட்டார் நியூரான் வியாதியில் நம் பக்கத்துப் பெயரோடு ஒரு வகை இருக்கிறது, 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்று. 1970-ல் சென்னை டாக்டர்கள் எழுதி உலகத்துக்குச் சொன்னது. சின்ன வயசிலேயே வரும், காது மந்தமாகும், ஆனால் மெதுவாக நகரும். பல வருஷம் ஓட்டலாம். அதுவாக இருக்கக்கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டேன். அப்பாவுக்குக் காது கேட்காமல் போகட்டும் என்று சாமியிடம் கேட்ட மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அது இல்லை. அப்பாவுக்கு வந்தது எங்கும் வருகிற வகை. பெரும்பாலானவர்களுக்கு முதல் அறிகுறியிலிருந்து இரண்டு, நான்கு வருஷம். காலையும் ராத்திரியும் கொடுக்கிற ரிலுசோல் மாத்திரை அதில் சில மாதம் கூட்டும், அவ்வளவுதான்.

மூளையிலிருந்து தசைக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. மூச்சை இழுப்பதும் ஒரு தசைதான். ஊதச் சொல்லிப் பார்த்தபோது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. முகமூடி வழியாக மூச்சுக்கு உதவுகிற பைபாப் மெஷின் முதலில் ராத்திரிக்கு மட்டும்தான். இப்போது குளிப்பாட்டுகிற நேரம், முகம் துடைக்கிற நேரம் போக நாள் முழுக்க முகமூடிதான். மூக்குத் தண்டில் புண். அந்த முகமூடியும் போதாத நாள் ஒன்று வரும், அப்போது கழுத்தில் துளை போட்டு வென்டிலேட்டரில் சேர்ப்பதா வேண்டாமா என்று இப்போதே பேசி வையுங்கள் என்றார்கள்.

இப்போதே ஏன் என்று நீ கேட்டாய். மே மாதம் நடந்ததை உனக்கு மறைத்தோம். ஒரு ராத்திரி மூச்சு வாங்கியது. பயந்துபோய்ப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர்கள் ஆக்சிஜன் மட்டும் வைத்தார்கள். மானிட்டரில் நம்பர் தொண்ணூற்றெட்டு என்று பச்சையாக எரிந்தது, எல்லாருக்கும் நிம்மதி. அப்பாவோ தூங்கிக்கொண்டே போனார். தட்டினால் எழவில்லை. ஆக்சிஜனில் குறையில்லை, கெட்ட காற்று வெளியேறும் அளவுக்கு மூச்சை இழுத்து விடத்தான் அவருக்குத் தெம்பில்லை. ஆக்சிஜனை மட்டும் வைத்தால் அந்தக் கெட்ட காற்று உள்ளேயே தேங்கி மயக்கிவிடும். நான் அழுது சண்டை போட்டு, வீட்டிலிருந்து நம் மெஷினைக் கொண்டுவரச் சொல்லி மாட்டினேன். விடியும்போது கண் திறந்தார்.

அடுத்த முறை செக்கப்பில் இதைச் சொன்னபோதுதான் டாக்டர் விளக்கினார். அப்படி ஒரு ராத்திரி, முன்பின் தெரியாத அவசரப் பிரிவில், வாய்வழியாகக் குழாய் விட்டு மெஷினில் போட்டுவிடுவார்கள். அது அவர்கள் கடமை. இந்த வியாதிக்காரருக்கு அதிலிருந்து திரும்பி வருவது அபூர்வம். வாயில் குழாயை ரொம்ப நாள் வைக்க முடியாது. ஒரு வாரம், இரண்டு வாரம் போனால் கழுத்தில் துளை போட வேண்டியதுதான். அப்போது யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள், கேட்டாலும் சொல்கிற நிலையில் அப்பா இருக்கமாட்டார். இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. தம்பி, நாம் முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அது அப்பாவுடையதாக இருக்காது.

கழுத்துக் குழாய் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சிதம்பரம் பக்கத்து அம்மா ஒருவரைப் பார்த்தேன். அவர் வீட்டுக்காரருக்கு இதே வியாதி, கழுத்தில் குழாய் வைத்து மூன்று வருஷம் ஆகிறதாம். மனுஷன் கிரிக்கெட் பார்க்கிறார், பேத்திக்குக் கண்ணாலேயே கணக்கு சரியா தப்பா என்று சொல்கிறாராம். அந்த அம்மா முகத்தில் அலுப்பு இருந்தது, வருத்தம் இல்லை. அவர்தான் எனக்குச் சளி எடுக்கிற விதத்தைச் சொல்லித் தந்தார், தன் முந்தானை நுனியையே டியூபாகப் பிடித்து. டியூபை உள்ளே விடும்போது உறிஞ்சக்கூடாது, வெளியே இழுக்கும்போதுதான் உறிஞ்ச வேண்டும். பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் போனால் அவர் மூச்சையே நாம் உறிஞ்சுகிறோம். இதை ஒரு மணிக்கு ஒரு தரம், சில நாள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம். "மூணு வருஷமா நாலு மணி நேரம் சேந்தாப்போல தூங்கினதில்லம்மா, ஆனா அவரு இருக்காரு" என்றார். அவருக்கு அது போதும். அவர் வீட்டுக்காரரும் கேட்டு வாங்கிக்கொண்டதுதானாம் அந்தக் குழாய். அந்தக் கடைசி வார்த்தையை நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

நீ விஞ்ஞானி ஹாக்கிங்கைச் சொன்னாய். நானும் படித்தேன். அவருக்கு 21 வயதில் கண்டுபிடித்தார்கள், 76 வயது வரை இருந்தார். 1985-ல் ஜெனீவாவில் நிமோனியா வந்து கிடந்தபோது மெஷினை நிறுத்திவிடலாமா என்று டாக்டர்கள் அவர் மனைவியைக் கேட்க, அந்த அம்மா மாட்டேன் என்று கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்து கழுத்தில் துளை போட்டுக் காப்பாற்றினார். உண்மைதான். ஆனால் அவர் உடம்பில் வியாதி நகர்ந்த வேகமே வேறு. அபூர்வமாக ஒருவருக்குக் கிடைக்கிற மெதுவான ஓட்டம் அது. அதற்குப் பிறகு ராப்பகலாக நர்ஸ்கள் கூடவே இருந்தார்கள், அமெரிக்காவிலிருந்து ஓர் அறக்கட்டளை பணம் கொடுத்தது. ஜப்பானில் 2019-ல் இதே வியாதியோடு, வென்டிலேட்டரோடு, ஒருவர் நாடாளுமன்ற மேல்சபைக்கே ஜெயித்துப் போனார், ஃபுனாகோ என்று பெயர். அங்கே வீட்டுக்கு ஆள் அனுப்பி அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது, அதனால் நிறையப் பேர் துணிந்து குழாய் வைத்துக்கொள்கிறார்கள். இங்கே அந்த நர்ஸும் நான், அந்த அரசாங்கமும் அம்மா.

பணம் நான் அனுப்புகிறேன், லோன் போடுகிறேன் என்றாய். லோன் போடாதே. பணத்தால் மெஷின் வாங்கலாம், இன்னொன்றும் வாங்கலாம். கரன்டை வாங்க முடியாது. போன நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் ராத்திரியை நீ டிவியில் பார்த்தாய். ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை. அதற்கு அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை தண்ணீர் பாகூர் பக்கமெல்லாம் புகுந்தது. 2011 தானே புயலுக்கு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம், உனக்கே தெரியும். பைபாப் நின்றால் அப்பா கொஞ்ச நேரமாவது தானே மூச்சு விடுவார். முழு வென்டிலேட்டர் நின்றால் கையால் பையை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், நிமிஷத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து தரம், விடிய விடிய. நம் வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம்? உப்புக்காத்தில் ஃபேன் ரெக்கையே வருஷத்தில் துருப்பிடிக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி. இந்தக் காரணமெல்லாம் என் அலுப்பு பேசுகிற பேச்சோ என்று எனக்கே பயம். ராத்திரி இரண்டு மணிக்கு மெஷின் அலாரம் அடிக்கும்போது, கடவுளே போதும் என்று ஒரு கணம் தோன்றி, அடுத்த கணம் கை நடுங்குகிறது. அதனால் நான் முடிவு செய்யக்கூடாது. நீ அன்பால் சொல்கிறாய், நான் அலுப்பால் சொல்கிறேன், அம்மா "ஒரு மூலைல கெடந்தாலும் உசுரு இருந்தா போதும்" என்கிறாள். மூன்று பேருமே அவரவருக்காகத்தான் பேசுகிறோம்.

அப்பாவிடம் கேட்டோம். கேட்பது எப்படி என்று நீ பார்த்ததில்லை. முதலில் ஒரு சார்ட் பேப்பரில் 247 எழுத்தும் எழுதினேன். விரலை ஒவ்வொன்றின் மேலாக நகர்த்தினால் அப்பா வேண்டிய இடத்தில் கண்ணை மூட வேண்டும். நாலு எழுத்துக்குள் அவர் களைத்துவிட்டார். பிறகு ஒரு பக்கம் மெய் பதினெட்டு, ஒரு பக்கம் உயிர் பன்னிரண்டு. முதலில் மெய்யைக் காட்டி, பிறகு உயிரைக் காட்டி, நான் சேர்த்துக்கொள்கிறேன். அஞ்சாவதோடு நிறுத்தியவர், 'க்'கும் 'உ'வும் சேர்ந்தால் 'கு' என்று புரிந்ததும் கண்ணாலேயே சிரித்தார். ஒரு தரம் மூடினால் ஆமாம். மேலே பார்த்தால் இல்லை.

ஜூலையில் ஒரு நாள் அவராகவே பலகையைப் பார்த்தார். க... ழு... த்... வரை வந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது. அவராகவே அந்தப் பேச்சை எடுக்கிறார் என்று, "கழுத்துல குழாய் வேணாமாப்பா?" என்று முடித்துவிட்டேன். மேலே பார்த்தார். வேணுமா? மறுபடி மேலே. அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து, "பாத்தியா, வெச்சுக்கணும்னு சொல்றாரு" என்றாள். அதற்கும் மேலேதான் பார்த்தார். கடைசியில் பொறுமையாக எழுத்து எழுத்தாக எடுத்தால், 'கழுத்து வலிக்குது'. தலையணை சரிந்திருந்தது. அவ்வளவுதான். சரியாக வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். நான் கிணற்றடிக்குப் போய் அழுதேன். அன்றிலிருந்து அவர் வார்த்தையை நான் முடித்துவைப்பதில்லை. நீயும் வந்தால் முடித்துவைக்காதே. அவர் நிறுத்தும் வரை விரலை நகர்த்து.

அதற்குப் பிறகு முறையாகக் கேட்டோம். டாக்டர் அம்மா ஒரு நாள் அப்பாவுக்கே நேராகச் சொன்னார், என்னைப் பார்த்து அல்ல. குழாய் வைத்தால் ஆயுள் வருஷக்கணக்கில் கூடலாம், முகமூடி போகும், புண் ஆறும். ஆனால் வியாதி நிற்காது. நாளாக ஆகக் கண் அசைவும் குறையலாம், அப்போது பேச வழி இருக்காது. வைக்காவிட்டால் மூச்சு மெல்லக் குறையும். தவிக்க விடமாட்டோம், மார்ஃபினை மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் மூச்சு முட்டுகிற உணர்வு அடங்கும், பெரும்பாலானவர்கள் தூக்கத்திலேயே போகிறார்கள் என்றார். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்று நாள், மூன்று விதமாகக் கேட்டேன். முதல் நாள், வேணாம். இரண்டாம் நாள் அவர் என்னைக் கேட்டார்: 'பேச்சு வருமா'. வராது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடியே வைத்திருந்தார், அது 'ஆமாம்' அல்ல என்று எனக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் காலை, அம்மாவும் இருந்தாள். எழுத்து எழுத்தாக வந்தது: 'காத்து பாத்தாச்சு'.

உனக்குப் புரியும். கரையில் நின்று மணலை எடுத்துத் தூவிப் பார்த்து, வாடையா கொண்டலா என்று முகத்தைத் திருப்பிப் பார்த்து, போட்டைத் தள்ளுவதா வேண்டாமா என்று சொல்வாரே, அந்தச் சொல். அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. நான் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருஷம் சுவாமிநாதன் பவுண்டேஷன் அறிவு மையத்தில் மைக்கில் படித்தேன், ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்கக் கடற்படை வெப்சைட்டிலிருந்து வில்லியனூரில் எடுத்து அனுப்புகிற அலை உயரம். நான் கம்பத்து ஒலிபெருக்கியில் இத்தனை அடி அலை என்று படித்தால் அப்பா கேட்டுக்கொள்வார். அலை பெரிசு, போகாதீங்கப்பா என்று வீட்டில் வந்து சொன்னால், "நீ உயரத்தைச் சொல்லு, போறதா வேணாமான்னு போறவன் சொல்லுவான்" என்பார். டாக்டர் அம்மா பேசிய அன்று எனக்கு அந்த மைக் ஞாபகம்தான் வந்தது.

நீ என்ன நினைக்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். 2004 சுனாமியின்போது உனக்குப் பன்னிரண்டு வயது. சிங்கப்பூரிலிருந்து நம் ஊர்ப் பையன் டிவியைப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினான். அதே ஒலிபெருக்கியில் ஓடுங்கள் என்று சொன்னார்கள். 3,600 பேருக்கு மேல் இருந்த ஊரில் ஓர் உயிர் போகவில்லை. போட்டும் வலையும்தான் போச்சு. வெளிநாட்டிலிருந்து ஒரு போன் வந்தால் உயிர் பிழைக்கும் என்று பார்த்து வளர்ந்த பிள்ளை நீ. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அப்படிக் கத்தினாய், அது எனக்கு அன்றே புரிந்தது. ஆனால் அன்றைக்கு ஓடுவதற்கு மேட்டு நிலம் இருந்ததடா.

இன்னும் ஒன்று சொன்னார். 'மூச்சு முட்டாம பாத்துக்க'. பார்த்துக்கொள்கிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அது மட்டும்தான் அவர் கேட்டது. வலி நிவாரணப் பிரிவில் பேசி வைத்துவிட்டேன். எந்த மருந்து, எப்போது, யாரைக் கூப்பிடுவது என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. அம்மா ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. மறுநாள் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "சரிய்யா, உன் இஷ்டம்" என்றாள்.

இப்போது உன்னால் ஆக வேண்டிய காரியம். 2018 மார்ச் 9-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லியிருக்கிறது: புத்தி தெளிவாக இருக்கிற ஒருவர், இன்ன சிகிச்சை எனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். முதலில் அதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதைச் சுலபமாக்கி, இரண்டு சாட்சி முன்னால், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் போட்டால் போதும் என்றார்கள். அப்பாவால் கண்ணாலும் சொல்ல முடியாத நாளில் அவர் சார்பாகப் பேச யார் யார் என்று பெயர் எழுத வேண்டும். என் பெயர் எழுதினேன். அப்பா பலகையைப் பார்த்தார். எடுத்தால், 'அவன் பேரும்'.

அதனால்தான் கூப்பிடுகிறேன். தீபாவளிக்கு டிக்கெட் போடாதே, அதுவரை தள்ளாதே. அதற்குள் மழை பிடித்துவிடும். இந்த மாதக் கடைசியில் வர முடியுமா என்று பார். உனக்கு இதில் சம்மதமில்லை என்றால் வந்து அவரிடமே கேள். பலகையை உன் கையில் கொடுக்கிறேன். அவர் மாற்றிச் சொன்னால் நான் குழாய்க்கும் தயார், இதை அம்மன்மேல் ஆணையாகச் சொல்கிறேன். சொன்னதையே சொன்னால் நீயும் கையெழுத்துப் போடு. அப்பா கைநாட்டு வைக்க வேண்டும். கட்டை விரல் சூம்பிப்போய் மையில் சரியாகப் பதியமாட்டேன் என்கிறது. நான் பிடித்து அமுக்கினேன், ரேகை வரவில்லை. நீ வந்து பிடி. ஒருவேளை உன் கைக்கு வரும்.

வரும்போது முகமூடிக்கு உள்ளே வைக்கிற ஜெல் பட்டை அங்கே நல்லதாகக் கிடைத்தால் இரண்டு வாங்கி வா, மீடியம் சைஸ். வேறு எதுவும் வேண்டாம். வயிற்றுக் குழாயில்தான் சாப்பாடு என்றாலும் அம்மா தினமும் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டவ்வை வைத்து நெத்திலி பொரிக்கிறாள், வாசனைக்காக. அந்த நேரம் மட்டும் முகமூடியைக் கழற்றச் சொல்லிக் கண்ணைக் காட்டுகிறார்.

உன் அக்கா